மானுக்கு ஓர் அம்பு, காகிதத்துக்கு ஆயிரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 14 வரை போகும். அதன் பிறகு துப்பாக்கிக்காரர்களுக்கு வழிவிட்டு, டிசம்பரில் மறுபடி திறக்கும். இத்தனை நாளும் விடியுமுன் எழுந்து, மரத்தில் கட்டிய சிறு பலகைமேல் குளிரில் உட்கார்ந்து கிடக்கும் ஆள் பருவம் முழுக்க விடுகிற அம்பு பெரும்பாலும் ஒன்றுதான். பல வருடங்களில் அந்த ஒன்றுகூட நாணை விட்டுப் போகாது. 1,200 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய வில், மீதி நாளெல்லாம் பெட்டிக்குள் தூங்கும்.

வேட்டைக்காரர்களில் பலர் காகிதக் குறியை எய்யும் இலக்கு வில்வித்தைக்குள் வருவது இந்தத் தூக்கத்தைக் கலைக்கத்தான். செப்டம்பரில் கொல்லைப்புறத்தில் பத்து அம்பு விட்டு வில்லைச் சரிபார்ப்பதோடு தொடங்குகிறது. அடுத்த குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டி, அதற்கடுத்த கோடையில் நுரை விலங்குகளைக் குறிபார்க்கும் 3டி போட்டி. மூன்றாம் வருடம் வீட்டில் இரண்டாவது வில் இருக்கும். வேட்டைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று.

கொங்கு நாட்டுக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து மிச்சிகனுக்கும் டெக்சஸுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர், கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து வில் வேட்டை பழகியிருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது அந்த வில்லை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. இங்கே வேட்டைக்கு வழியே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. 1991-இல் வந்த திருத்தம், உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்றிருந்த வழியையும் அடைத்துவிட்டது. ஆக, அங்கே வேட்டைக்காரர் விரும்பி எடுத்துக்கொள்ளும் இலக்கு வில்வித்தைதான் இங்கே வில்லுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பிழைப்பு. அது ஏன் இழுக்கிறது, எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இழுப்பது எது

முதல் காரணம் கணக்கு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம், 20 முதல் 25 சென்டிமீட்டர். வேட்டையில் வழக்கமான தூரம் 20 கெஜம், அதாவது 18 மீட்டர். முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கான சர்வதேசப் போட்டியிலோ தூரம் 50 மீட்டர், பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 8 சென்டிமீட்டர். கோணமாக அளந்தால் மானைவிட ஏழெட்டு மடங்கு சிறிய குறி. காட்டில் "நம்ம கை நல்ல கை" என்று நினைத்துக்கொண்டிருந்தவரின் நினைப்பை முதல் முப்பது அம்பே சரிசெய்துவிடும்.

கூடவே, பதில் உடனே கிடைக்கிறது. காட்டில் ஓர் அம்பு தப்பினால் ஏன் தப்பியது என்று தெரியாது. மான் அசைந்ததா, கை நடுங்கியதா, கிளையில் உரசியதா? காகிதத்தில் அந்தக் குழப்பமில்லை. ஆறு அம்பும் இடப்பக்கமே கூடினால் பிடியில் கோளாறு. மேலும் கீழுமாகச் சிதறினால் இழுத்து நிறுத்தும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நூறு அம்பு என்று வைத்தாலும் வருடத்துக்குப் பதினைந்தாயிரம். இவ்வளவு பாடம் காட்டில் ஒரு பிறவிக்கும் கிடைக்காது.

மூன்றாவது 3டி. நுரையில் வார்த்த மான், கரடி, பன்றி, காட்டு வான்கோழி ஆகியவற்றைக் காட்டுப்பாதையில் ஆங்காங்கே நிறுத்தி, தூரத்தைச் சொல்லாமல் எய்யச் சொல்வார்கள். உயிர்நிலையின் நடுவில் பட்டால் 11, அதைச் சுற்றி 10, அடுத்து 8, உடம்பில் வேறெங்கு பட்டாலும் 5. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று ஊடுருவிக் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய் நிற்கிறது. வன்பரணர் போட்டுவைத்த அந்த வரிசையைப் பார்த்தால் முழு 3டி மைதானமே நினைவுக்கு வரும். புள்ளி போட ஆள்தான் இல்லை.

அந்த 5 புள்ளியில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நுரை மானின் வயிற்றில் பட்டால் போட்டியில் 5 கிடைக்கும். காட்டில் அதைவிடக் கொடிய விளைவு வேறில்லை. வயிற்றில் பட்ட மான் விழாமல் ஓடும், மணிக்கணக்காகச் சாகும், பல நேரம் கைக்கும் அகப்படாது. வேட்டைக்கான பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும் ஆட்டம் அந்த அம்புக்குக் கழித்தல் புள்ளி போட்டிருக்க வேண்டும். விளையாட்டு விளையாட்டாக இருக்க விரும்புகிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் வேட்டையிலிருந்து இலக்குக்கு வந்தவர் என்றால் முதலில் வரும் பெயர் லிம்பா ராம். ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லால் பறவை அடித்து வளர்ந்தவர். ஒலிம்பிக் வில்லைக் கையில் எடுத்து, 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன்செய்தார். காம்பவுண்ட் வில்லுக்கு அந்தப் பழைய வேர் கிடையாது. மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1960-களில் வேட்டைக்காகவே உருவாக்கியது அது. வில்லின் இரு முனையிலும் உள்ள சக்கரங்கள், இழுத்து முடித்ததும் கைக்கு வரும் பாரத்தைக் குறைத்துவிடும். அப்படி வேட்டைக்குப் பிறந்த கருவியில்தான் 2023-இல் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதில் உலகப் பட்டம் வென்றார். அதே போட்டியில் ஓஜஸ் தேவ்தளே ஆண்கள் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகாவுக்கு மூன்று தங்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக வருகிறது. நம் ஊர்ப் பெற்றோர் இந்த வில்லின் விலையை விசாரிக்கத் தொடங்கியிருப்பதற்கு இவை காரணம்.

பணம் போகும் வழி

வேட்டை வில்லும் இலக்கு வில்லும் பார்வைக்கு ஒரே சாதி. கையில் எடுத்தால் வேறு வேறு. மரத்தின்மேல் இடைஞ்சலான இடத்தில் திருப்ப வேண்டும் என்பதால் வேட்டை வில் குட்டை. சக்கர அச்சுக்கு அச்சு 28 முதல் 33 அங்குலம். இலக்கு வில் 36 முதல் 40 வரை. நீளமான வில் காற்றில் அசையாமல் நிற்கும், கையின் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வேட்டை வில்லில் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டெபிலைசர், அதாவது வில்லை ஆடாமல் நிறுத்தும் கோல், இருந்தால் போதும். இலக்கு வில்லில் முன்னே 30 அங்குலக் கோல், பின்னே பக்கவாட்டில் இன்னொன்று, இரண்டின் முனையிலும் எடைக்கட்டிகள். குறிபார்க்க வேட்டையில் நிறம் நிறமாக ஐந்து ஊசி. இலக்கில் உருப்பெருக்கும் கண்ணாடி பதித்த ஒற்றை ஸ்கோப், அதை நுண்ணளவில் நகர்த்தும் திருகு. அமெரிக்க விலையிலேயே முதல்தர இலக்கு வில் வெறும் வில்லாக 1,800 டாலரைத் தாண்டும். குறிபார்க்கும் சைட்டும் ஸ்கோப்பும் 500, ஸ்டெபிலைசர்கள் 300 முதல் 600, நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் 200 சொச்சம். இங்கே சுங்க வரியும் ஜிஎஸ்டியும் கப்பல் கூலியும் சேர்ந்து முழு செட் 3 லட்ச ரூபாயை எளிதில் தாண்டிவிடும்.

வில் ஒருமுறைச் செலவு. அம்புதான் ஓயாத செலவு, அதில் ஒரு விசித்திரமும் உண்டு. உள்ளரங்கில் 18 மீட்டரில் கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி கிடைக்கும் என்பதால் விதி அனுமதிக்கும் 9.3 மில்லிமீட்டர் வரை தடித்த அம்பு வேண்டும். வெளியே 50 மீட்டரில் காற்று தள்ளாமலிருக்க மெல்லிய அம்பு வேண்டும். வேட்டைக்கு 400 முதல் 500 கிரெய்ன், அதாவது 26 முதல் 32 கிராம், எடையுள்ள கனமான அம்பு. மூன்றும் வேறு செட். மெல்லிய உயர்தர இலக்கு அம்பு ஒரு டஜன் 500 டாலருக்குக் குறையாது. கை தேறத் தேற இந்தச் செலவு குறையும் என்று நினைத்தால் தப்பு. ஆரம்பக்காரரின் அம்புகள் எட்டி எட்டி நிற்கும், ஒன்றையொன்று தொடாது. தேர்ந்தவரின் இரண்டாம் அம்பு முதல் அம்பின் வாலைப் பிளந்துகொண்டு இறங்கும். உள்ளரங்கத் தாளில் ஒரே வட்டத்துக்குப் பதிலாக மூன்று சிறு வட்டங்களை அச்சிட்டு, வட்டத்துக்கு ஓர் அம்பு என்று வைத்திருப்பதே இந்த நஷ்டத்துக்கு அஞ்சித்தான்.

நாணும் சக்கரங்களை இணைக்கும் கேபிளும் தேய்மானப் பொருள். வருடத்துக்கு ஓர் அம்பு விடுபவருக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கும் நாண், பதினைந்தாயிரம் அம்பு விடுபவருக்கு ஒரு வருடம் தாங்கினால் அதிகம். அதை மாற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி வேண்டும். அமெரிக்காவில் அது ஒவ்வொரு வில் கடையிலும் இருக்கும். இங்கே பயிற்சி மையத்தைத் தேடிப் போக வேண்டும், அல்லது சொந்தமாக வாங்க வேண்டும்.

வேக விளம்பரத்தை நம்பிக் காசைப் போடுவது இன்னொரு பள்ளம். வில்லின்மேல் எழுதியிருக்கும் வேகம் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம், 350 கிரெய்ன் அம்பு ஆகியவற்றில் அளந்தது. இரு கையையும் விரித்து விரல் நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாக வரும். ஐந்தரை அடி உயரமுள்ள நம் ஆளுக்கு அது 26½ அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்குப் பத்து அடி வேகம் போகும். ஆக, விளம்பரத்தில் 340 என்று இருப்பது, இழுவிசையும் அம்பும் அதேதான் என்றாலும், நம் கையில் 305-தான். அமெரிக்கா போன உறவினர் தன் உயரத்துக்கு வாங்கியதை இங்கே தம்பிக்குக் கொடுக்கும்போதும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சில வில்களில் நீளத்தைத் திருகிக் குறைக்கலாம், சிலவற்றில் சக்கரத்தின் பாகத்தையே மாற்ற வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி காம்பவுண்டின் உச்ச இழுவிசை 60 பவுண்டு. 70 பவுண்டு வேட்டை வில்லை அதற்குள் இறக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பத்து பவுண்டு வரை தளர்த்தலாம்.

ஒரு விஷயத்தை அமெரிக்கர்களிடம் பாராட்ட வேண்டும். 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிக்குக் கூட்டாட்சி அரசு வரி வாங்கியது. 1970-களில் அது வில்லுக்கும் நீண்டது. வில்லின் மேல் 11 சதவீதம். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது, பயிற்சி மைதானம் அமைக்கவும் ஒரு பங்கு உண்டு. காட்டுப்பக்கமே போகாத காகித வில்லாளரும் மானுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்.

பணத்தில் கணக்கிட முடியாத விலை

தோள்பட்டைதான் முதலில் புகார் சொல்லும். 70 பவுண்டு என்றால் ஏறக்குறைய 32 கிலோ. பருவத்துக்குச் சில முறை இழுக்க அது சரி, நாளுக்கு நூறு முறை இழுத்தால் தோள்மூட்டைச் சுற்றிய தசைநார் கிழியும். இலக்குக்கு வருகிற வேட்டைக்காரர் பத்துப் பதினைந்து பவுண்டைக் குறைத்துக்கொள்வதில் கௌரவம் பார்க்கக் கூடாது. பார்க்கிறார்கள் என்பதுதான் நடைமுறை.

அதைவிட ஆழமானது, அமெரிக்க வில்லாளர்கள் டார்கெட் பேனிக் என்று அஞ்சும் கோளாறு. குறிப்புள்ளி மஞ்சள் வட்டத்தைத் தொட்ட நொடியில் விரல் தானாக விசையை அடித்துவிடும். அல்லது புள்ளி வட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே உறைந்து நிற்கும், மேலே ஏறவே மறுக்கும். பயம் மாதிரித் தெரிந்தாலும் இது ஆயிரக்கணக்கான முறை மூளை பழகிக்கொண்ட ஒரு குறுக்குவழி. ஆட்காட்டி விரலால் விசையை அழுத்தும் வேட்டை ரிலீஸ்காரர்களை இது எளிதில் பிடிக்கும். புள்ளிக்காக எய்வது அதை வளர்க்கும். வேட்டையில் வருடத்துக்கு ஓர் அம்போடு நின்றிருந்தால் வந்தே இருக்காது. மருந்து அலுப்பூட்டுவது. தாளைக் கழற்றிவிட்டு, ஐந்தடி தூரத்தில் வெறும் மெத்தை முன் நின்று, வாரக்கணக்கில் குறியே இல்லாமல் எய்ய வேண்டும். பலர் விசையே இல்லாத, முதுகுத் தசையால் சுழன்று விடுபடும் ஹிஞ்ச் ரிலீசுக்கு மாறுகிறார்கள். கைக்காசு இன்னும் கொஞ்சம்.

வேட்டைக்காரருக்கு இலக்கு கற்றுத்தராதவையும் உண்டு. இருவர் மாறி மாறி எய்யும் தனிநபர் ஆட்டங்களில் ஓர் அம்புக்கு 20 விநாடி. காட்டில் மான் மரத்துக்குப் பின்னிருந்து வெளியே வரும்வரை இழுத்த வில்லோடு ஒரு நிமிடம்கூட நிற்க நேரலாம். மைதானம் சமதளம். மரத்தின் மேலிருந்து எய்யும்போது இடுப்பிலிருந்து வளைய வேண்டும், தூரத்தையும் சரிவில் அளக்காமல் கிடைமட்டத்தில் அளக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 30 மீட்டர் தூரம், வில்லுக்கு 26 மீட்டர்தான். காகிதம் ஓசை கேட்டு ஒடுங்குவதில்லை. விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 18 மீட்டரைக் கடக்க 0.21 விநாடி ஆகும். நாணின் ஓசை 0.05 விநாடியிலேயே மானின் காதில் விழுந்துவிடும். மீதி 0.16 விநாடியில் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். எவ்வளவு வேகமான வில்லும் ஒலியை முந்தாது. அம்புமுனையும் வேறு. மைதானத்தில் மொட்டையான கூம்பு முனை, காட்டில் அலகு விரிந்த வெட்டுமுனை. எடை ஒன்றாக இருந்தாலும் அந்த அலகு காற்றில் அம்பைத் தன் பக்கம் இழுக்கும். வருடம் முழுக்கப் பத்துக்குப் பத்து அடித்தவர் வெட்டுமுனையில் ஒருமுறைகூடச் சோதிக்காமல் காட்டுக்குள் போனால் மைதானத்துப் பெருமை அங்கே செல்லாது.

கள வில்வித்தை என்கிற பிரிவு இந்த இடைவெளியில் பாதியையாவது அடைக்கும். மேடு பள்ளத்தில் நடந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் எய்யும் ஆட்டம் அது. உலகப் போட்டியின் தகுதிச் சுற்று ஒவ்வொன்றிலும் 24 இலக்குகள், இரண்டு சுற்றில் ஒன்றில் தூரம் சொல்ல மாட்டார்கள். கொங்கின் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை என்பது என் எண்ணம். கொல்லிமலை அடிவாரத்திலோ ஏற்காட்டுச் சரிவிலோ பட்டா நிலத்தில் இதை நடத்தினால் சமதள மைதானத்துக்கு ஏங்க வேண்டியதில்லை.

இங்கே வில்லோடு வந்தால்

தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் வில்லை எடுத்து நின்றால் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்கும் முதல் கேள்வி: "ஏனுங் தம்பி, இதுல காட்டுப்பன்னி அடிக்கலாங்களா?" தொண்டாமுத்தூரிலும் அந்தியூரிலும் தாளவாடியிலும் மக்காச்சோளத்தையும் கடலையையும் பன்றிக்குக் கொடுத்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் மட்டும் இல்லை என்பதுதான். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கொடுத்த அனுமதி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவதற்கு. நில உரிமையாளருக்கு அல்ல. சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை, முயற்சியும் வேட்டைதான். பிடிபட்டால் சிறை 3 ஆண்டு வரை, சட்டம் உச்சப் பாதுகாப்புக் கொடுக்கும் முதல் அட்டவணை விலங்காக இருந்தால் 3 முதல் 7 ஆண்டு. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் பன்றி வருவது இரவில், கூட்டமாக. ஓர் அம்பில் ஒன்று காயப்பட்டு ஓடும், மீதி அடுத்த வயலுக்குப் போகும். பயிர்க்காவலுக்கு வில் உதவாது.

இலக்குக்கு மட்டும் என்றால் செலவைக் குறைக்க இங்கே வழிகள் உண்டு. இந்தியன் ரவுண்ட் என்ற தேசியப் பிரிவில் மூங்கில் வில், மர அம்பு, 30 மற்றும் 50 மீட்டர். சில ஆயிரம் ரூபாயில் பிள்ளை தொடங்கலாம். மூன்று லட்சத்தை முதலிலேயே போட்டுவிட்டு ஆறு மாதத்தில் அவன் கிரிக்கெட்டுக்குப் போனால் வரும் வயிற்றெரிச்சலும் இல்லை. அம்பு நிறுத்தும் மெத்தைக்குத் தெர்மோகோல் ஆகாது, காம்பவுண்ட் அம்பு ஊடுருவிவிடும். அமெரிக்கர்கள் காசு கொடுத்து வாங்கும் பை இலக்குக்குள் இருப்பது கந்தல் துணிதான். திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. கெட்டிச் சாக்கில் திணித்து இறுக்கித் தைத்தால் அதே பொருள். அடியில் படிந்து இறங்குமே தவிர அம்பைத் தடுக்கும், மாதத்துக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் திணித்தால் போதும். வெட்டுமுனையை மட்டும் அதில் விடக் கூடாது, துணியில் சிக்கிக்கொண்டு வராது. இந்தியாவில் அதை வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. சாக்குக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். இலக்கைத் தவறிய அம்பு தென்னை வரிசைக்குள் புகுந்து நூறு மீட்டருக்கு மேல் போகும், அந்தப் பக்கம் யாராவது மாடு ஓட்டிக்கொண்டு வரலாம்.

மிச்சிகனிலிருந்து வில்லைக் கொண்டுவருபவர் வெட்டுமுனைகளை அங்கேயே விட்டுவிட்டு, காட்டுக்கோல உடைக்குப் பதில் சாதாரண உடை எடுத்து வரட்டும். சர்வதேசப் போட்டிகளில் அந்த உடை செல்லாது, இங்கே அதோடு வில்லைத் தூக்கினால் வனக்காவலருக்கும் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பயணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வனவிலங்குச் சட்டம் ஆயுதம் என்று பட்டியலிடுவதில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் அவற்றை எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது 31-ஆம் பிரிவு. கொங்கிலிருந்து மைசூர்ப் பக்கம் போகும் குறுக்குவழிகள் எல்லாமே சரணாலயம் வழியாகத்தான் போகின்றன. பண்ணாரி–திம்பம் சாலை சத்தியமங்கலம் காட்டுக்குள், கூடலூர்ப் பாதை முதுமலைக்குள், மேட்டூரிலிருந்து கொள்ளேகால் போகும் பாதை மாதேஸ்வரன் மலைக் காட்டுக்குள். மைசூரில் போட்டி என்றால், டிக்கியில் வில் இருக்கும் நாளில் சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று சுற்றிப் போவதற்கான டீசலையும் விளையாட்டுச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.